கையெழுத்துப் போடும் முன்பு



குழுவில் ஊக்குநராக, பிரதிநிதியாக இருந்து பழகிய நம் பெண்கள் பலர் ஊராட்சித் தலைவராகவும் வார்டு உறுப்பினராகவும் வந்திருக்கிறார்கள். பதவி ஏற்கும்போது அரசியலமைப்புச் சட்டத்துக்கு உண்மையாக இருப்பதாக உறுதிமொழி எடுக்கிறோம். அதற்குச் சோதனை எப்போது வரும்? "கம்பெனி வந்தா வரி வரும், வேலை வரும், ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்று கேட்கும்போதுதான்.

அரசியலமைப்பு என்ன சொல்கிறது?

1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73-வது திருத்தம் ஊராட்சிக்கும் கிராம சபைக்கும் உறுதியான இடம் கொடுத்தது. ஊராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய 29 பணிகளில் குடிநீரும் ஒன்று. 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் நல்ல தண்ணீரும் அடங்கும் என்று நீதிமன்றங்கள் கூறியுள்ளன.

பெருமாட்டியில் நடந்தது

கேரளத்தில் பாலக்காடு மாவட்டம், பெருமாட்டி ஊராட்சி. அங்கே பிளாச்சிமடையில் 2000-இல் கோக்கோ கோலா ஆலை தொடங்கியது. அனுமதி கொடுத்ததும் இதே ஊராட்சிதான். கொஞ்ச காலத்தில் கிணத்துத் தண்ணி குறைஞ்சு போச்சு, வாயில வைக்க முடியலைன்னு பெண்கள் சொன்னார்கள். 2002 ஏப்ரலில் போராட்டம் தொடங்கியது. மயிலம்மா என்ற பழங்குடிப் பெண் முன்னே நின்றார்.

ஆலையால் ஊராட்சிக்கு வரி வந்தது, சிலருக்கு வேலையும் கிடைத்தது. அப்படியிருந்தும் 2003 ஏப்ரலில் உரிமத்தைப் புதுப்பிக்க ஊராட்சி மறுத்தது. வழக்கு கேரள உயர்நீதிமன்றம் போனது. 2003 டிசம்பரில் ஒரு நீதிபதி, நிலத்தடி நீர் மக்கள் எல்லோருக்கும் பொது என்றார். 2005-இல் இரண்டு நீதிபதிகள் கம்பெனிக்குச் சாதகமாகச் சொன்னார்கள். வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. 2004 மார்ச்சில் நின்ற ஆலையை மறுபடி நடத்தும் எண்ணமில்லை என்று 2017-இல் கம்பெனியே அங்கு தெரிவித்தது.

நாம் செய்ய வேண்டியது

தொழிலே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வருமானம் ஊருக்குத் தேவைதான். ஆனால் போன வரியை வேறு வழியில் தேடலாம், கெட்டுப்போன கிணற்றை எங்கே போய்த் தேடுவது? அதனால் தலைவராக இருப்பவர்:

* விண்ணப்பத்தைக் கிராம சபையில் எல்லோருக்கும் புரியும்படி படித்துக் காட்ட வேண்டும்.
* எவ்வளவு தண்ணீர் எடுப்பார்கள், கழிவு எங்கே போகும் என்று எழுத்தில் பதில் கேட்க வேண்டும்.
* முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

தலைவியைத் தனியா விட்டா அழுத்தம் அவர் தலைமேல்தான் விழும். மார்ச் 22, உலக தண்ணீர் நாளன்றும் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. குழுவாகப் போவோம், கேள்வி கேட்போம், அவருக்குத் துணை நிற்போம்.