மட்டாஞ்சேரி யூதத் தெரு

ஒரு நகரின் வரலாற்றை அரண்மனைகளும் கோட்டைகளும் மாத்திரமன்றித் தெருக்களும் கூறவல்லன. கொச்சி நகரின் மட்டாஞ்சேரிப் பகுதியிலுள்ள யூதத் தெரு அத்தகையது. அரண்மனையை அடுத்துத் தொடங்கும் அச்சிறு தெருவின் வரலாற்றில், அடைக்கலம் கொடுத்த நாட்டின் பெருமையும் அடைக்கலம் பெற்றோரிடையே நிலவிய வேற்றுமையின் சிறுமையும் ஒருங்கே காணப்படுகின்றன.

யூதர் முதன்முதற் குடியிருந்தது கொச்சியிலன்று. அதற்கு வடக்கேயுள்ள கொடுங்கல்லூர்ப் பகுதியிலாம். சங்கப் புலவர் பாடிய முசிறித் துறைமுகம் அப்பகுதியிலேயே இருந்ததென்பது அறிஞர் பலர் கருத்து. ஏறத்தாழ கி. பி. 1000இல் முயிரிக்கோட்டிலிருந்து பாஸ்கர ரவி என்னும் சேர மன்னன் இசுப்பு இரப்பான் என்னும் யூத வணிகத் தலைவனுக்குச் செப்பேடொன்று வழங்கினான். பகல் விளக்கு, பல்லக்கு, குடை முதலிய சிறப்புரிமைகளும் வரிவிலக்கும் அதனாற் கிடைத்தன. அதில் வரும் ‘அஞ்சுவண்ணம்’ என்னுஞ் சொல் கடல் கடந்து வந்த வணிகர் குழுவைக் குறிப்பதென்பர். தமிழும் மலையாளமும் முற்றாகப் பிரியாத காலத்து மொழியில், வட்டெழுத்திற் பொறிக்கப்பட்டமையால், இச்சாசனம் தமிழ் மாணவரும் கற்றற்குரியதாகும்.

1341இற் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளத்தாற் கொடுங்கல்லூர்த் துறை தூர்ந்து, கொச்சித் துறைமுகம் சிறப்புற்றது என்பர். வணிகமும் அதனோடு யூதரும் கொச்சியை நாடினர். 1492இல் ஸ்பெயின் தேசத்திலிருந்து யூதர் துரத்தப்பட்டனர். அவர் வழியினர் சிலரும் பின்னர் இங்கு வந்து சேர்ந்தனர். இவர்களே ‘பரதேசி யூதர்’ எனப்பட்டனர். இன்று இரவலரைக் குறிக்கும் அச்சொல், ஈண்டு பிறதேசத்தவர் என்னும் பழம் பொருளிலேயே வழங்கிற்று. அரசன் தன் அரண்மனைக்கு அருகிலேயே அவர்களுக்கு நிலமளித்தான். 1568இல் அவர்கள் எழுப்பிய செபாலயம் அரண்மனைக் கோயிலுக்கு அண்மையிலேயே அமைந்தது.

1662இல் ஒல்லாந்தர் கொச்சியை முற்றுகையிட்டுப் பின்வாங்கினர். அவர்களுக்கு உதவினர் என்று ஐயுற்ற போர்த்துக்கேயர் யூதர் தெருவைச் சூறையாடிச் செபாலயத்துக்கும் சேதம் விளைத்தனர். எனினும், 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அதே ஒல்லாந்தர், 1663இற் கொச்சியையும் கைப்பற்றினர். செபாலயம் மறுபடியும் புதுப்பிக்கப்பட்டது. ஒல்லாந்தக் கம்பனிக்கு மிளகு சேகரித்துக் கொடுத்த எசேக்கியேல் ரகாபி என்னும் பெருவணிகர் 1760இல் மணிக்கூட்டுக் கோபுரத்தை எழுப்பினார். சீனத்திலிருந்து தருவிக்கப்பட்ட நீலவண்ண ஓடுகள் செபாலயத் தரையில் இன்றும் விளங்குகின்றன.

ஆயினும், இத்தெருவின் வரலாறு பெருமை மாத்திரம் உடையதன்று. பின்வந்த பரதேசியர் தம்மை ‘வெள்ளை யூதர்’ என்றும், முன்னரே வாழ்ந்த மலபார் யூதரைக் ‘கரிய யூதர்’ என்றும் பிரித்தனர். இரு பிரிவினரும் தம்முள் மணஞ்செய்திலர். அடிமை நீங்கியோர் வழியினர் பரதேசி செபாலயத்தின் உள்ளே ஏனையோரோடு சமமாக அமரவும் இயலாதிருந்தது. ஒரே வேதத்தை ஓதியோர், ஒரே கடவுளின் சந்நிதியில் இவ்வாறு பிரித்து வைக்கப்பட்டனர். ஆலயக் கதவுகளைச் சிலருக்கு அடைத்த வழக்கத்தை அறிந்த நம்மனோர்க்கு இது வியப்பளிப்பதன்று. இப்பிரிவிற் பிறந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882–1967), காந்தியடிகளின் சத்தியாக்கிரக நெறியைத் தம் செபாலயத்துள்ளேயே கைக்கொண்டார். காலப்போக்கில் தடைகள் தளர்ந்தன; மக்கள் அவரை ‘யூதக் காந்தி’ என்றழைத்தனர்.

தடைகள் தளர்ந்த காலத்திலேயே தெருவும் வெறுமையாகத் தொடங்கிற்று. 1948இல் இஸ்ரேல் நாடு உருவானபின், சற்றேறக்குறைய 2,500 பேராயிருந்த கொச்சி யூதருட் பெரும்பாலோர் 1950களில் அங்குச் சென்று குடியேறினர். அவர்களைத் துரத்தியவர் எவருமிலர். முன்னோர் நாட்டின்பாற் கொண்ட சமயப் பற்றே பெருங் காரணமாயிற்று. மட்டாஞ்சேரியிலிருந்த கடவும்பாகம் செபாலயத்தின் மரவேலைப்பாடுகள் எருசலேம் அருங்காட்சியகத்தை அடைந்தன. 1968இற் பரதேசி செபாலயத்தின் நானூறாவது ஆண்டு விழாவிற் பிரதம மந்திரி இந்திரா காந்தி கலந்துகொண்டபோதே, வழிபடுவோர் தொகை மிகச் சுருங்கியிருந்தது. யூதர் கூட்டு வழிபாட்டுக்கு வயதுவந்த ஆடவர் பதின்மர் வேண்டும். அத்தொகை இன்று அத்தெருவில் இல்லை. வாசனைத் திரவியக் கடைகளும் பழம்பொருட் கடைகளும் நிறைந்த அவ்வீதிக்கு இப்போது வருவோர் காட்சி காண்போரே.

அயலவரை வரவேற்ற மன்னனின் செப்பேடு அழியாது நிற்கின்றது. தம்மவரையே விலக்கிய வழக்கமோ, விலக்கியோரும் விலக்கப்பட்டோரும் அருகிய தெருவிற் பொருளற்று மறைந்தது. செபாலயத்துள் அனைவரும் ஒருங்கமரும் உரிமை கிட்டியபோது, அமர்வதற்கு ஆட்களே குறைந்துவிட்டனர். காலம் கடந்து செய்யப்படும் நீதி எத்துணைச் சிறுபயன் தரும் என்பதற்கு மட்டாஞ்சேரித் தெருவே சான்றாம்.