எடைக் குறைப்பைப் பாதியில் விடுவது ஏன்?

கோபிசெட்டிபாளையத்துக் கழனிகளில் நடவுக்கும் அறுவடைக்கும் இயந்திரம் வந்து நாளாகிறது. தடப்பள்ளி வாய்க்கால் கரையோரம் நடந்து போனவர்கள் வண்டியில் போகிறார்கள். உழைப்பு குறைந்த அளவுக்குச் சோறு குறையவில்லை. 2015-16இல் தமிழகப் பெண்களில் 30.9 சதவீதம் பேருக்கு அதிக எடை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் அது 40.4 சதவீதம். ஆண்களில் 37.

"மனசு வெச்சா முடியாதுங்களா?"

பருமனானவர்கள் அதிகம் கேட்கும் வார்த்தை இதுதான். ஆனால் எடை இறங்கத் தொடங்கியதும் உடலே எதிர்த்து நிற்கிறது. வயிறு நிறைந்ததை உணர்த்தும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது, பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் கூடுகிறது, உடல் செலவிடும் ஆற்றலும் சுருங்குகிறது. எடை குறைத்து ஓராண்டு ஆன பின்னும் இந்த ஹார்மோன் மாற்றம் நீடிப்பதை 2011இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது.

அதே சாப்பாடு, அதே நடை. ஆனாலும் சில மாதங்களில் எடை நின்றுவிடும். மனசு விட்டுப்போவது அப்போதுதான். முதலில் நடை நிற்கும். பிறகு, "டாக்டர் சத்தம் போடுவார்" என்ற கூச்சத்தில் பரிசோதனையும் நிற்கும். குறைந்த எடை திரும்பும்போது, மறுபடி தொடங்கும் நம்பிக்கையும் போய்விடுகிறது. சிகிச்சை தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சோம்பலென்று முடிவு கட்டும் முன்

மனச்சோர்வு, தைராய்டு குறைபாடு, மூட்டுவலி, குறட்டையோடு மூச்சு தடைபடும் தூக்கம் ஆகியவையும் ஊக்கத்தைக் கெடுக்கும். சில மாத்திரைகள் எடையைக் கூட்டும். அவற்றை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

எடைக்கருவி மட்டும் போதாது

சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வை ஒவ்வொரு நோயாளிக்கும் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் மூன்றாண்டுக்குள் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றிய பிரிவில் 39 சதவீதம்தான். இத்தனைக்கும் அவர்கள் எடை பெரிதாகக் குறையவில்லை!

ஆகவே இடுப்புச் சுற்றளவையும் சர்க்கரை, ரத்த அழுத்த அளவுகளையும் சேர்த்துக் குறித்து வையுங்கள். 90 கிலோ உள்ளவருக்கு முதல் இலக்கு நாலரைக் கிலோ போதும். அந்த 5 சதவீதமே பலன் தரும்.

வீட்டாருக்கு

விருந்தில் "இன்னுமொரு ஒப்புட்டு" என்று வற்புறுத்துவதும், மறுநாள் உடம்பைக் கேலி பேசுவதும் ஒரே வீட்டில் நடக்கிறது. இரண்டையும் விட்டுவிட்டுக் கூடவே நடக்கப் போங்கள்.

எடை கூடிவிட்டதே என்று கூசிப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டவர்கள் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.