வீட்டுக் கணினிக்கு எந்த ஆன்ட்டிவைரஸ்?

விண்டோஸ் 10, 11 உள்ள எந்தக் கணினியும் ஆன்ட்டிவைரஸ் இல்லாமல் வீட்டுக்கு வருவதில்லை. மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் அதனுள்ளேயே இருக்கிறது. 2009இல் மைக்ரோசாஃப்ட் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்ற பெயரில் தனியாக இறக்கி நிறுவ வேண்டியிருந்த பாதுகாப்பு, 2012இல் வெளியான விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டராக இயங்குதளத்தோடு சேர்ந்துவிட்டது. "ஆன்ட்டிவைரஸும் போட்டுடலாமா சார்?" என்று கடையில் கேட்கும்போது பலருக்கு இது தெரிவதில்லை. இருப்பது போதுமா, போதாதென்றால் எந்த இடத்தில் போதவில்லை என்று பார்த்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.

ஆன்ட்டிவைரஸ் வேலை செய்யும் விதம் தெரிந்தால் இதை முடிவு செய்வது எளிது. 1986இல் பாகிஸ்தானின் லாகூரில் இரு சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்', ஐபிஎம் வகைக் கணினிகளில் பரவிய முதல் வைரஸ். வைரஸ்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த அந்தக் காலத்தில், ஒவ்வொன்றின் நிரலிலும் இருக்கும் தனி அடையாளத்தைப் பட்டியலிட்டு வைத்து ஒப்பிட்டாலே போதுமாக இருந்தது. அந்தப் பட்டியல் முறை இன்றும் உண்டு. ஆனால் புதிது புதிதாக உருமாறி வருபவற்றை அது மட்டும் பிடிக்காது. அதனால் ஒரு நிரல் என்ன செய்கிறது என்பதும் கவனிக்கப்படுகிறது. புகைப்படக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து மறையாக்கம் செய்து எழுதத் தொடங்கும் நிரல், பெயர் தெரியாததாக இருந்தாலும், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேராகவே பெரும்பாலும் இருக்கும். மூன்றாவது வழி, சந்தேகத்துக்குரிய கோப்பின் விவரத்தை நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பி அங்கிருந்து பதில் பெறுவது. டிஃபெண்டர் இந்த மூன்றாவது வழியைப் பெரிதும் நம்பியிருக்கிறது. இணையம் இல்லாத கணினியில் அதன் திறன் குறையும்.

நல்லதையே கெட்டது என்று நினைத்துப் பிடிப்பதும் ஆன்ட்டிவைரஸின் குறைதான். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி அனுப்பிய ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பு ஒன்றை வைரஸ் என்று ஒதுக்கிவைத்தது. பல நாடுகளில் கணினிகள் ஓயாமல் அணைந்து அணைந்து எழுந்தன. எத்தனை வைரஸைப் பிடிக்கிறது என்பதோடு, எத்தனை தவறான எச்சரிக்கை தருகிறது, கணினியை எவ்வளவு மந்தமாக்குகிறது என்பதையும் சேர்த்தே ஒரு மென்பொருளை எடைபோட வேண்டும்.

இந்த மூன்றையும் தொடர்ந்து சோதிக்கும் நிலையங்கள் இருக்கின்றன. ஜெர்மனியின் மக்டபர்க் நகரில் உள்ள ஏவி-டெஸ்ட், பாதுகாப்பு, வேகம், பயன்பாடு ஒவ்வொன்றுக்கும் 6 என மொத்தம் 18 மதிப்பெண் தருகிறது. தவறான எச்சரிக்கைகள் 'பயன்பாடு' என்ற தலைப்பில் கணக்கில் வருகின்றன. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் ஏவி-கம்பேரட்டிவ்ஸ், லண்டனில் எஸ்இ லேப்ஸ் ஆகியவையும் இது போன்ற பணியைச் செய்கின்றன. இவற்றின் முடிவுகளை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். படிக்கும்போது 99.4 சதவீதத்துக்கும் 99.8 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சில நூறு மாதிரிகளை வைத்துச் செய்யும் சோதனையில் அது ஓரிரு மாதிரிகளின் வேறுபாடுதான். ஒரே மென்பொருள் இரண்டு, மூன்று ஆண்டுகளாக மேல்வரிசையிலேயே இருக்கிறதா என்பதே பார்க்க வேண்டியது. 'சிறந்த 10 ஆன்ட்டிவைரஸ்' என்ற தலைப்பில் வரும் பட்டியல்களைச் சோதனை முடிவாகக் கொள்ளக் கூடாது. அவற்றில் பல, வாசகர் இணைப்பைச் சொடுக்கி வாங்கினால் கமிஷன் பெறுபவை.

டிஃபெண்டர் ஒரு காலத்தில் பின்தங்கியே இருந்தது. 2012இன் கடைசியில் மைக்ரோசாஃப்ட் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ், ஏவி-டெஸ்ட் சான்றிதழையே இழந்தது. 'விண்டோஸில் வருவது உதவாது' என்ற பேச்சு அந்த நாள்களில் கிளம்பியது, இன்னும் ஓயவில்லை. ஆனால் இப்போது பல ஆண்டுகளாக அதே சோதனையில் டிஃபெண்டர் 18க்கு 18 அல்லது அதை ஒட்டிய மதிப்பெண் வாங்கிவருகிறது. இணைய இணைப்பு நன்றாக இருந்து, மின்னஞ்சல், வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் படிப்பு, திரைப்படம் என்ற அளவில் பயன்படும் வீட்டுக் கணினிக்கு டிஃபெண்டரே போதும்.

ஆனால் அது முழுமையாக இயங்குகிறதா என்று பார்த்துவிட வேண்டும். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்புப் பகுதியில் 'ரியல்-டைம் புரொடெக்‌ஷன்', 'கிளவுட்', 'டேம்பர் புரொடெக்‌ஷன்' ஆகிய மூன்றும் 'ஆன்' ஆக இருக்கின்றனவா என்று பார்க்கலாம். மூன்றாவது முக்கியமானது. வைரஸே உள்ளே புகுந்து டிஃபெண்டரை அணைத்துவிடாமல் தடுப்பது அதுதான். 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்ற வசதி வழக்கமாக அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். அதைப் போட்டுவிட்டால், ஆவணங்கள், படங்கள் உள்ள ஃபோல்டர்களில் அறிமுகமில்லாத நிரல் எதுவும் கைவைக்க முடியாது. சில நேரம் நல்ல மென்பொருளையும் தடுக்கும். ஒருமுறை அனுமதித்துவிட்டால் பிறகு தொந்தரவு இல்லை. ரான்சம்வேருக்கு எதிராகச் செலவில்லாமல் கிடைக்கும் இவ்வளவு நல்ல காவலைப் பலர் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

புதிய லேப்டாப்களில் மெக்காஃபி, நார்ட்டன் போன்றவை சில வாரச் சோதனைப் பதிப்பாக ஏற்றப்பட்டே வரும். வேறொரு ஆன்ட்டிவைரஸ் இருந்தால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். சோதனைக் காலம் முடிந்தும் அந்த மென்பொருள் அப்படியே கிடந்தால், பாதுகாப்பு இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாத நிலை வரும். வாங்கப்போவதில்லை என்றால் அதை நீக்கிவிட்டு, டிஃபெண்டர் மீண்டும் விழித்துக்கொண்டதா என்று பார்த்துவிடுவது நல்லது. இரண்டு ஆன்ட்டிவைரஸை ஒரே நேரத்தில் இயக்கினால் பாதுகாப்பு இரட்டிப்பாகாது. ஒன்று திறக்கும் கோப்பை மற்றொன்று மறிக்க, கணினிதான் திணறும்.

தமிழ்நாட்டு வீடுகளில் வைரஸ் நுழையும் ஒரு பழைய வழி ஜெராக்ஸ் கடை. ஹால் டிக்கெட்டையோ ஆதார் நகலையோ பிரிண்ட் எடுக்கப் பென் டிரைவைக் கடைக் கணினியில் செருகி, வீட்டுக்கு வந்து திறந்தால், ஃபோல்டர்கள் எல்லாவற்றின் மூலையிலும் சிறிய அம்புக்குறி தெரியும். அவை உண்மையான ஃபோல்டர்கள் அல்ல, ஷார்ட்கட்கள். உண்மையானவற்றை வைரஸ் மறைத்து வைத்திருக்கும். ஷார்ட்கட்டைச் சொடுக்கினால் முதலில் வைரஸ் ஓடும், அதன் பிறகு வழக்கம்போல ஃபோல்டரும் திறக்கும். எல்லாம் சரியாகத் திறப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. அதன்பின் அந்தக் கணினியில் செருகும் ஒவ்வொரு பென் டிரைவுக்கும் அது தொற்றும். அம்புக்குறியைப் பார்த்தால் சொடுக்காமல், பென் டிரைவின் மீது வலது பொத்தானை அழுத்தி ஸ்கேன் செய்ய வேண்டும். 'ஃபுல் ஸ்கேன்' கொடுத்தாலே பென் டிரைவும் சேர்ந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. டிஃபெண்டரின் முழு ஸ்கேன், அமைப்பை மாற்றாதவரை, பென் டிரைவைச் சேர்த்துக்கொள்வதில்லை. வைரஸ் நீங்கிய பிறகு, மறைந்த கோப்புகளைக் காட்டும் அமைப்பைப் போட்டால் பழையவை பெரும்பாலும் அப்படியே இருக்கும். பயந்துபோய் உடனே ஃபார்மட் செய்து உள்ளதையும் இழப்பவர்கள் ஏராளம்.

காசு கொடுத்து வாங்குவதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. இணையம் விட்டுவிட்டு வரும் ஊரில், பென் டிரைவ்கள் பல கை மாறிவரும் கணினிக்கு, இணையம் இல்லாதபோதும் நன்றாகப் பிடிக்கும் மென்பொருள் தேவை. வீட்டிலேயே கணக்கு எழுதுவது, டிசைன் செய்வது என்று தொழில் நடத்துபவருக்கும் அப்படித்தான். சிக்கல் வந்தால் தமிழில் பேசி உதவி கேட்க ஆள் வேண்டும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இந்தியச் சந்தையில் சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் இரண்டும் 1990களில் தொடங்கி இன்றுவரை நிற்பவை. கே7 நிறுவனத்தை ஜெ. கேசவர்தனன் 1991இல் சென்னையில் தொடங்கினார். இந்தியப் பொருள் என்பதற்காக மட்டும் எதையும் வாங்க வேண்டாம். மேலே சொன்ன சோதனைகளில் எப்படி இருக்கிறது என்று பார்த்தே இவற்றையும் தேர்ந்தெடுக்க வேண்டும். 'டோட்டல் செக்யூரிட்டி' போன்ற விலை உயர்ந்த பதிப்புகளில் வைரஸைப் பிடிக்கும் பகுதி பெரும்பாலும் சாதாரணப் பதிப்பில் உள்ளதேதான். விபிஎன், கடவுச்சொல் பெட்டகம், குழந்தைகளுக்கான கட்டுப்பாடு, கணினியைத் துப்புரவாக்கும் கருவி என்று கூடுதலாகச் சேர்ப்பவற்றுக்கே அந்த விலை. அவற்றில் எது வீட்டுக்குத் தேவை என்று கணக்குப் பார்த்தால் பல நேரங்களில் சாதாரணப் பதிப்பே போதும்.

விலை விஷயத்தில் முதல் வருடச் சலுகையைப் பார்த்து ஏமாறக் கூடாது. இணையத்தில் வாங்கும் சர்வதேச மென்பொருள்கள் பலவற்றில் இரண்டாம் வருடக் கட்டணம் முதல் வருடத்தைப் போலப் பல மடங்கு. அதுவும் தானாகவே கார்டிலிருந்து எடுக்கப்படும். இந்தியாவில் அப்படித் தானாக எடுக்கும் முன் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தச் செய்தி வரும்போது கவனித்தால் நிறுத்திவிடலாம். சென்னையின் ரிச்சி தெரு போன்ற இடங்களில் பெட்டியில் விற்கும் ஒரு வருட, மூன்று வருட உரிமங்களில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அட்டை பிரிக்கப்படாமல் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வெறும் எண்ணாக அனுப்பப்படும் 'கீ'யை வாங்கக் கூடாது.

இலவச ஆன்ட்டிவைரஸ்களை நிறுவும் முன் ஒரு வழக்கை அறிந்துகொள்வது அவசியம். அவாஸ்ட் நிறுவனம், தன் மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள் எந்தெந்த இணையதளங்களுக்குப் போனார்கள் என்ற விவரத்தைச் சேகரித்து, ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனத்தின் மூலம் விற்றது. செய்தி வெளியானதும் 2020 ஜனவரியில் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் செலுத்த உத்தரவிட்டதோடு, அத்தகைய விவரங்களை விளம்பரத்துக்காக விற்கவும் தடை போட்டது. ஆன்ட்டிவைரஸ் கணினியில் உள்ள எல்லாவற்றையும் பார்க்கும் அதிகாரம் பெற்றது. அப்படிப்பட்ட ஒன்றே தகவலை விற்றது மன்னிக்கக்கூடியது அல்ல. இன்று அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, நார்ட்டன் நான்கும் ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. நம்பகத்தன்மையில் அரசியலும் கலக்கிறது. ரஷ்யாவின் காஸ்பர்ஸ்கி சோதனைகளில் எப்போதும் மேலே நிற்பது. ஆயினும் 2024இல் தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி அமெரிக்கா அதன் விற்பனையைத் தடை செய்தது; அந்த ஆண்டு செப்டம்பர் 29உடன் அங்குள்ளவர்களுக்கு அப்டேட்டும் நின்றது.

எந்த ஆன்ட்டிவைரஸும் விண்டோஸ் அப்டேட்டுக்கு மாற்றாகாது. 2017 மே 12 அன்று தொடங்கிய வானாக்ரை ரான்சம்வேர், பிரிட்டிஷ் அரசு மருத்துவமனைகள் உட்பட 150க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளைத் தாக்கியது. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சிலேயே, வெளியிட்டிருந்தது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை ஓட்டைகள் அடைக்கப்படும். டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் மட்டும் அதற்குப் பிறகும் விண்டோஸ் 10க்கு வந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்துக் கணினி பத்திரமாக இருப்பதாக நினைக்கக் கூடாது. ஓட்டைகள் திறந்தேதான் இருக்கும். திருட்டு விண்டோஸையும் 'கிராக்' செய்த மென்பொருளையும் நிறுவும்போது 'ஆன்ட்டிவைரஸை அணைத்துவிடுங்கள்' என்று ஒரு குறிப்பு வரும். அதைக் கேட்டு நடப்பவருக்கு எந்த மென்பொருளும் உதவாது.

மனிதரை ஏமாற்றி நடக்கும் திருட்டும் ஆன்ட்டிவைரஸின் எல்லைக்கு வெளியே இருப்பது. திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு 'உங்கள் கணினி பூட்டப்பட்டது, இந்த எண்ணை அழையுங்கள்' என்று காட்டும் பக்கம் வெறும் இணையப் பக்கம்தான். மைக்ரோசாஃப்ட்டின் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்காது. ஆல்ட், எஃப்4 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலும் மூடிவிடும். அழைத்துவிட்டால், மறுமுனையில் இருப்பவர் தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் போன்ற நேர்மையான மென்பொருள் ஒன்றை நிறுவச் சொல்வார். அது வைரஸ் அல்ல என்பதால் ஆன்ட்டிவைரஸ் வாயைத் திறக்காது. கணினி அவர் கைக்குப் போய்விடும்.

ஈடு செய்ய முடியாத கோப்புகளுக்கு நகல் எடுத்து வைப்பதே கடைசி அரண். வெளி ஹார்ட் டிஸ்க்கில் குடும்பப் படங்களையும் சான்றிதழ்களையும் மாதம் ஒருமுறை ஏற்றிவிட்டு, உடனே கழற்றி வைத்துவிட வேண்டும். செருகியபடியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

வைரஸ் புகுந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் முதலில் இணையத்தைத் துண்டிக்க வேண்டும். டிஃபெண்டரின் 'ஆஃப்லைன் ஸ்கேன்', விண்டோஸ் முழுதாக எழும்புவதற்கு முன்பே கணினியைச் சோதிக்கும். சுமார் 15 நிமிடம் ஆகும். ஒளிந்திருக்கும் வைரஸ்களுக்கு அதுவே ஏற்ற வழி. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் நடத்தும் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்திலும் நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கடவுச்சொற்களை அந்தக் கணினியிலிருந்து மாற்றாமல், வேறொரு நல்ல கருவியிலிருந்து மாற்ற வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் பதிவு செய்யுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் சொன்னால்தான் அதை முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு.