ஒரு வரைவு, பல பிரதிகள்: பாஸ்கல் மொழியில் பொதுவடிவ முறையின் செலவு

மழைமானியின் அளவுகளைப் பதிந்துவரும் களப்பணியாளர் ஒருவரிடம் மூன்று பட்டியல்கள் இருப்பதாகக் கொள்ளலாம். மழையளவு தசம எண். கிணற்றின் வரிசை முழு எண். ஊரின் பெயர் எழுத்துத் தொடர். இம்மூன்றையும் ஏறுவரிசையில் அடுக்குவதற்குத் தேவையான முறை ஒன்றே: இரண்டிரண்டாக ஒப்பிட்டு, சிறியதை முன்னே வைத்தல். ஆயினும் பாஸ்கல் மொழியில் நிரல் எழுதியோர் நெடுங்காலம் அந்த ஒரே முறையை மூன்று தடவை எழுதவேண்டியிருந்தது.

இதற்குக் காரணம் அம்மொழியின் கண்டிப்பே. ஸ்விட்சர்லாந்து நாட்டு விஞ்ஞானி நிக்லாஸ் விர்த், மாணவர்க்கு நிரலாக்கத்தை ஒழுங்காகக் கற்பிக்கும் நோக்கத்துடன் 1970 ஆம் ஆண்டில் பாஸ்கலை வெளியிட்டார். எந்தத் தரவும் எவ்வகையைச் சேர்ந்தது என்பதை அதில் முன்கூட்டியே அறிவித்தாக வேண்டும். அணியின் நீளங்கூட அதன் வகையில் அடக்கம். ஆகவே பத்து உறுப்புகளை அடுக்கும் நடைமுறை இருபது உறுப்புகளை ஏற்க மறுத்துவிடும். 1981 இல் பிரையன் கெர்னிகன் இம்மொழியைக் குறித்து எழுதிய விமரிசனத்தில் இதனையே தலையாய குறையாக எடுத்துக்காட்டினார்.

கண்டிப்புக்கு ஒரு பெரும் பயனும் உண்டு. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், மூலத்தை மேலிருந்து கீழாக ஒரே முறை வாசித்து வேலையை முடித்துவிட இயலும். 1983 இல் வந்த டர்போ பாஸ்கல், எழுதும் வசதியையும் கம்பைலரையும் சேர்த்து 40 கிலோபைட்டுக்குள் அடங்கிற்று என்றால் இச்சிக்கனத்தின் அருமை விளங்கும். 1987 இல் வெளியான அதன் நான்காம் பதிப்பு, யூனிட் எனப்படும் தனிப்பகுதிகளை அளித்தது. ஒரு முறை மொழிபெயர்க்கப்பட்ட யூனிட், மாற்றப்படாதவரை மறுபடி மொழிபெயர்க்கப்படுவதில்லை. பாஸ்கல் பயன்படுத்துவோர் பெருமையாகக் கருதும் விரைவு இவ்வாறு வந்ததே.

மூன்று முறை எழுதும் தொல்லையைத் தவிர்க்கப் பலர் ஒரு குறுக்கு வழியைக் கையாண்டனர். தரவை நேரே பட்டியலில் வைக்காமல், அது நினைவகத்தில் இருக்கும் முகவரியை மட்டும் வைத்தனர். முகவரி எல்லாவற்றிற்கும் ஒரே வடிவினதாதலால் ஒரே பட்டியல் போதும். ஆனால் 64 பிட் இயந்திரத்தில் முகவரி ஒன்றுக்கு 8 பைட் வேண்டும். ஒரு லட்சம் முழு எண்கள் தாமாக 4 லட்சம் பைட்டில் அடங்கும். முகவரி வழியே வைத்தால் 12 லட்சத்துக்குக் குறையாது. இதனினும் பெரிய கேடு, காவல் போய்விடுவது. ஊர்ப் பெயரின் முகவரியை மழையளவின் முகவரி என்று எண்ணி வாசித்தால் கம்பைலர் தடுக்காது; அட்டவணையில் பொருளற்ற எண் ஒன்று சத்தமின்றி இடம்பெறும்.

ஜெனரிக்ஸ் எனப்படும் பொதுவடிவ முறை இவ்விடர் இரண்டையும் நீக்க வந்தது. ஃப்ரீ பாஸ்கல் 2007 ஆம் ஆண்டின் 2.2 பதிப்பிலும், டெல்பி தனது 2009 என்னும் பதிப்பிலும் இதனை மேற்கொண்டன. நிரல் எழுதுவோர் தரவு வகையின் இடத்தை நிரப்பாமல் விட்டு முறையை ஒரு தடவை எழுதுகிறார். வேண்டிய இடத்தில் வகையைக் குறிப்பிடுகிறார். சேலையில் அச்சிடும் கட்டைபோல ஒரே வரைவு பலமுறை பயன்படுகிறது என்று ஆசிரியர் விளக்கலாம். எனினும் அச்சுக்கட்டைக்குத் துணிதோறும் சாயம் செலவாகும். இங்கும் அத்தகைய செலவு உண்டு.

இயந்திர மொழிக்கு, முழு எண்ணை ஒப்பிடும் கட்டளை வேறு, தசம எண்ணை ஒப்பிடும் கட்டளை வேறு. எனவே பொதுவடிவத்தை முன்னதாக மொழிபெயர்த்து வைக்க முடியாது. ஃப்ரீ பாஸ்கல் கம்பைலர் அதன் சொற்களையும் குறிகளையும் வரிசை மாறாமல் பதிந்து வைத்துக்கொள்கிறது. புதிய வகை ஒன்று கேட்கப்படும்போதெல்லாம் அப்பதிவைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் வாசித்து, புதிய பிரதி ஒன்றை உண்டாக்குகிறது. ஒரு முறை மொழிபெயர்த்தால் போதும் என்ற யூனிட்டின் நன்மை இவ்விடத்தில் கைநழுவுகிறது. டெல்பியில் முழு எண் பட்டியலை இருபது யூனிட்டுகள் கேட்டால், இருபதிலும் அது தனித்தனியே மொழிபெயர்க்கப்படும்; முடிவில் லிங்கர் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடும். தள்ளப்பட்டவற்றுக்குச் செலவான நேரம் திரும்புவதில்லை. இருவேறு பொருள்வகைகளுக்கான பட்டியல்கள் இயந்திர மொழியில் ஒன்றுபோலவே அமைந்தாலும், பெயர் வேறாதலால் இரண்டும் நிரலில் தங்கிவிடும்.

இயங்கும் வேளையில் கணக்கு மாறுகிறது. ஒரு லட்சம் உறுப்புகளை ஒப்பீட்டு முறையால் அடுக்கச் சராசரியாக 15 லட்சம் ஒப்பீடுகளாவது தேவை. வகைக்கெனத் தனிப் பிரதி இருந்து, அதில் ஒப்பீடு நேரே எழுதப்பட்டிருந்தால், ஒவ்வொன்றும் ஓரிரு கட்டளைகளில் முடியும். ஃப்ரீ பாஸ்கலுடன் வரும் எஃப்ஜிஎல் என்னும் யூனிட் வேறு வழியை நாடுகிறது. பட்டியலின் உடல் முழுவதும் பொதுவடிவமல்லாத சாதாரண வகுப்பிலேயே இருக்கிறது. உறுப்பின் நீளத்தைப் பைட்டுக் கணக்கில் மட்டும் அது அறியும். வகையைக் காக்கும் மெல்லிய உறை மட்டுமே பொதுவடிவம். பிரதிகள் சிறுத்துவிடுகின்றன, மொழிபெயர்ப்பும் விரைகிறது. பதிலுக்கு, அடுக்கும்போது ஒவ்வோர் ஒப்பீடும் முதலில் உறையையும் பின்னர் பயனாளர் தந்த நடைமுறையையும் அழைத்தாக வேண்டும். 15 லட்சம் ஒப்பீட்டுக்கு 30 லட்சம் அழைப்புகள்.

இரண்டில் எது சிறந்தது என்று பொதுவாகத் தீர்ப்புக் கூறுவது முறையன்று. ஆயிரம் ஊர்ப் பெயர்களை நாளுக்கொருமுறை அடுக்கும் நிரலில் அழைப்புகளின் செலவு கண்ணுக்கே புலப்படாது. அங்கு மெல்லிய உறையே தக்கது. பல்லாண்டு மழையளவுகளைத் திரும்பத் திரும்ப அலசும் நிரலுக்குத் தனிப் பிரதி ஈடு கொடுக்கும். ஆனால் பிரதிகளை வரம்பின்றிப் பெருக்குவதும் வேகத்தைக் கெடுக்கலாம்: பல செயலிகளில் கட்டளைகளுக்கான முதல்நிலை விரைவு நினைவகம் 32 கிலோபைட்டே.

இதனை வகுப்பறையில் சோதித்துப் பார்ப்பது எளிது. நீண்ட பொதுவடிவ வகுப்பு ஒன்றை எழுதி, முதலில் ஒரு வகைக்கும், பிறகு ஐந்து, இருபது வகைகளுக்குமாகக் கேட்டு, ஒவ்வொரு முறையும் முழுமையாக மொழிபெயர்க்கச் செய்யலாம். ஃப்ரீ பாஸ்கல் கம்பைலர் தன் வேலை முடிந்ததும் எடுத்துக்கொண்ட விநாடிகளைத் திரையில் காட்டும். அவ்வெண்ணையும், உண்டான கோப்பின் அளவையும் மாணவர் பக்கம்பக்கமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் வகையைச் சாராத பகுதிகளைச் சாதாரண வகுப்புக்கு மாற்றி, அதே அளவீட்டை மறுபடி எடுக்க வேண்டும்.