ஆற்றுக்கு ஒரு திருவிழா!

பொங்கல் விடுமுறை முடிந்துவிட்டதே என்று ஏங்குகிறீர்களா குட்டீஸ்? விழுப்புரம், கடலூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு கொண்டாட்டம் பாக்கி இருக்கும். அதுதான் ஆற்றுத் திருவிழா!

தை மாதம் 5-ம் நாள், சுற்றுவட்டார ஊர்ச் சாமிகள் எல்லாம் தென்பெண்ணை ஆற்றுக்குப் புறப்பட்டு வருவார்கள். தீர்த்தவாரி நடக்கும். ஒரே இடத்தில் பல ஊர்ச் சாமிகளைக் கும்பிடலாம். பிடாகம், மணலூர்பேட்டை, கடலூர் என எங்கும் கூட்டம் அலைமோதும். மணலில் ராட்டினம் சுற்றும், பலூன் பறக்கும். சுருளிக்கிழங்கு வாங்கிப்போய் அவித்துச் சாப்பிடுவது இந்த விழாவின் தனிச்சிறப்பு.

தென்பெண்ணை, கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, கடலூர் அருகே கடலில் கலக்கிறது. மழை குறைந்த ஆண்டுகளில் திருவிழா அன்று வெறும் மணல்தான் இருக்கும். அந்த மணலைச் சும்மா நினைக்காதீர்கள்! பஞ்சுபோல நீரைப் பிடித்துவைத்து, கரையோரக் கிணறுகளில் ஊற வைப்பது அதுதான்.

நீரைத் தேக்க, விழுப்புரம் அருகே தளவானூரில் 2020-ல் ஒரு தடுப்பணை கட்டினார்கள். (செஞ்சிப் பக்கம் பல்லவர் குகைக்கோயில் இருக்கும் தளவானூர் வேறு!) 2021 ஜனவரியிலேயே அது உடைந்து, தேங்கிய நீர் வீணாக ஓடிவிட்டது. விவசாயிகள் கலங்கிப்போனார்கள்.

திருவிழாவுக்குப் போகிறீர்களா? மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் தெரியாது. பெரியவர்கள் துணையில்லாமல் ஆற்றில் இறங்காதீர்கள். பிளாஸ்டிக் பைகளை மணலில் போடாமல் வீட்டுக்கே எடுத்து வந்துவிடுங்கள். ஆறு நன்றாக இருந்தால்தானே அடுத்த தையிலும் திருவிழா!