பங்குக் கிணறும் பங்காளர் மனமும்

அச்சுவேலிச் செம்பாட்டுத் தோட்டங்களிலே பல கிணறுகள் பலருக்குப் பொதுவானவை. காணி உறுதியிலே நிலத்தின் பரப்போடு கிணற்றுப் பங்கும் வாய்க்கால் உரிமையும் எழுதப்படுவது யாழ்ப்பாணத்து வழக்கம். பங்காளர் தத்தம் முறைநாளில் இறைத்துக்கொள்வர். துலா இருந்த காலத்தில் துலா மிதிப்போர், பட்டை பிடிப்போர், தண்ணீர் மாறுவோர் எனப் பலர் கூடவேண்டியிருந்தது. மனிதரின் களைப்பே நீருக்கு எல்லை வகுத்தது. 1950களுக்குப் பின் இறைப்பு இயந்திரம் பரவ, அவ்வெல்லை நீங்கிற்று. இப்போது எல்லையைப் பங்காளரே கூடிப் பேசி வகுக்கவேண்டும்.

அப்பேச்சு எளிதன்று. ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத குடாநாட்டிலே, ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராய் மிதந்து நிற்கிறது. மேல்நீரை மிகுதியாய் இறைத்தால் கீழுள்ள உவர்நீர் எழும். அதனை எழுப்பியவர் யார்? ஒவ்வொருவரும் அடுத்தவரின் இயந்திர ஓசையையே கேட்கின்றனர். வெங்காயம் வைத்தவருக்குத் தம் பயிரின் வேர் ஆழமற்றது, அடிக்கடி நீர் வேண்டும் என்பது நியாயமாகத் தோன்றும். புகையிலைக்காரரின் அதே கோரிக்கை பேராசையாகத் தோன்றும். தாம் இட்ட உரத்தின் நைத்திரேற்றும் அதே கிணற்றில் இறங்குவதை எவரும் முதலில் நினைப்பதில்லை.

உத்தரமேரூர்ச் சபையார் இவ்விடர்ப்பாட்டை வேறு வகையில் தீர்த்தனர். முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் நெருங்கிய உறவினரையும் குடவோலையினின்று விலக்கியது. பற்றுடையவரை வெளியே நிறுத்துதல் அவர்களின் வழி. கிணற்றுப் பங்காளருக்கோ அது வாய்க்காது. அங்கே பற்றில்லாதவர் ஒருவருமிலர். (அயலூரார் ஒருவரை நடுவராக அழைக்கலாம் என்பர், அவருக்கும் கிணற்றடியில் ஓர் உறவினர் இருப்பார்!)

ஆதலின் பற்றை மறையாது முன்வைப்பதே இங்கு இயலும். நேரம் பகிருமுன், சென்ற வாரம் எத்தனை மணி இறைத்தார், எத்தனை அந்தர் உரமிட்டார் என்று ஒவ்வொருவரும் தம் கணக்கையே சொல்லவேண்டும். பிறர் கணக்கைச் சொல்லலாகாது. மூத்தவர் தொடங்கினால் இளையவர் குறைத்துச் சொல்லக் கூசுவர். இதற்கு மாசி மாதமே தக்கது. சித்திரையில் நீர் உவர்த்தபின் கூடுபவர்கள் நேரத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். பழியைப் பற்றியே பேசுவார்கள்.