பாரிசவாதம்: வீட்டிலும் தொடர வேண்டிய சிகிச்சை

பாரிசவாதத்தால் பாதிக்கப்பட்ட ஒருவர் உயிர் பிழைத்து, வைத்தியசாலையில் துண்டு வெட்டி வீடு திரும்பியதும் சிகிச்சை முடிந்துவிட்டதாகவே நம்மில் பலர் கருதுகின்றோம். உண்மையில் அன்றுதான் குடும்பத்தினரின் பொறுப்பு ஆரம்பமாகின்றது.

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுவதால் அல்லது வெடிப்பதால் இந்நோய் ஏற்படுகின்றது. பெரும்பாலானோருக்கு அடைப்பே காரணமாகும். முகம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் தாமதிக்கலாகாது. அடைப்பைக் கரைக்கும் மருந்தை, அதற்குத் தகுதியான நோயாளருக்கு நாலரை மணித்தியாலங்களுக்குள் ஏற்ற வேண்டும். 1990 இலவச அம்புலன்ஸ் சேவை 2018 இல் வடமாகாணத்துக்கு விரிவுபடுத்தப்பட்டமை இவ்வகையில் பெரும் உதவியாகும்.

இறந்த மூளைக் கலங்கள் மீள்வதில்லை. எனினும் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியினால், எஞ்சிய பகுதிகள் இழந்த பணிகளிற் சிலவற்றைப் பொறுப்பேற்கின்றன. முதல் மூன்று மாதங்களில் இம்முன்னேற்றம் விரைவாக இருக்கும். அதன் பின்னரும் தொடரக்கூடும். எனவேதான் இயன்மருத்துவர் நோயாளரை இருக்கவும் நிற்கவும் நடக்கவும் பழக்குகின்றார். தொழில்வழிச் சிகிச்சையாளர் உடுத்தவும் உண்ணவும் பயிற்றுகின்றார். பேச்சுச் சிகிச்சையாளர் பேச்சை மட்டுமன்றி விழுங்கும் ஆற்றலையும் பரிசோதிக்கின்றார்.

இப்பரிசோதனைக்கு முன் பார்வையாளர் அன்போடு பருக்கும் ஒரு வாய்த் தேநீர் சுவாசப்பைக்குள் சென்று நியுமோனியாவை உண்டாக்கலாம். தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு பாதிப்படையும். பேச முடியாதவர் யாவரும் புரிந்துகொள்ள முடியாதவரும் அல்லர். அவர் முன்னிலையிலேயே அவரைப் பற்றி நம்பிக்கையிழந்து உரையாடுவது அவரது மனத்தை முறித்துவிடும்.

கரவெட்டியிலுள்ள ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை அவர்களுக்கு அண்மையில் உள்ளது. யாழ். போதனா வைத்தியசாலைக்கோ 25 கிலோமீற்றருக்கு மேல் செல்ல வேண்டும். ஒரு பக்கம் இயங்காத ஒருவரைப் பேருந்தில் ஏற்றுவது எளிதன்று. முச்சக்கரவண்டிக்குச் செலவிடவோ பலரால் இயலாது. பிள்ளைகள் புலம்பெயர்ந்துவிட்ட வீடுகளில் முதிய மனைவியே கணவரைத் தாங்க வேண்டியுள்ளது. வெளிநாட்டுப் பணம் சக்கர நாற்காலியை வாங்கித் தரும். நாள்தோறும் அருகில் நின்று நடக்கப் பழக்கும் ஒருவரை அது தந்துவிடாது.

இன்னொரு தடை நம் அன்பிலேயே உள்ளது. ஊட்டிவிடுவதும் உடுத்திவிடுவதும் கட்டிலை விட்டு இறங்க விடாதிருப்பதும் நம்மிடையே கடமையாகக் கருதப்படுகின்றன. ஆனால் பயன்படுத்தாத கை மேலும் செயலிழக்கின்றது. சேட்டுக்கு அவரே பொத்தான் பூட்ட அரை மணித்தியாலம் பிடித்தாலும், பொறுமையுடன் காத்திருப்பதே சிகிச்சையாகும். எண்ணெய் பூசி உருவிவிடுவது இதமளிக்கலாம். நோயாளர் தாமே செய்யும் பயிற்சிக்கு அது ஈடாகாது. கிணற்றடியில் வழுக்காத தரையும் இருந்து குளிக்க ஒரு கதிரையும், மலசலகூடத்தில் ஒரு கைபிடியும் அமைத்தால் விழும் ஆபத்து பெரிதும் குறையும்.

இரண்டாவது தாக்குதலையும் தடுக்க வேண்டும். இரத்த அழுத்தம், நீரிழிவு என்பவற்றுக்கான மாத்திரைகளைச் சுகமாகிவிட்டதென எண்ணி நிறுத்தலாகாது. விரத நாட்களிலும் றமழான் நோன்புக் காலத்திலும் மருத்துவரின் ஆலோசனையுடனேயே மருந்து நேரங்களை மாற்ற வேண்டும். பராமரிப்பவரின் களைப்பையும் குடும்பத்தினர் கவனிக்க வேண்டும். அவர் வீழ்ந்தால் இருவருமே வீழ்வர்.

நோயாளரை வீட்டுக்கு அனுப்பும் முன், பராமரிக்கப்போகும் உறவினருக்கு விடுதியிலேயே தூக்கும் முறையும் பயிற்சிகளும் கற்பிக்கப்படுவது அவசியமாகும். தொடர்ந்து கவனிக்கும் சேவையும் கிராமங்களுக்கு அருகே கிடைக்க வேண்டும். உயிரைக் காப்பாற்றிய இலவச மருத்துவம், அவ்வுயிர் மீண்டும் எழுந்து நடக்கவும் துணைநிற்க வேண்டும் என்பதே நமது வேண்டுகோளாகும்.